தோள் பதினான்கு, தண்ணீர் எட்டு

பள்ளத்தெருவுக்குள் நுழைந்த முதல் நாளே அவளுடைய செருப்பு போயிற்று. அறுந்து போகவில்லை. மழை நின்று பத்து நாளாகியிருந்த ஒரு வெயில் காலையில், கணுக்கால் வரை நின்ற கறுப்புத் தண்ணீரில் காலை வைத்து எடுத்தாள். கால் மட்டும் வந்தது. செருப்பை அடியில் இருந்த எதுவோ உறிஞ்சி வைத்துக்கொண்டது. குனிந்து கையை விட்டுத் தேடலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். மேலே மிதந்து வந்ததைப் பார்த்ததும் அந்த நினைப்பும் செருப்போடு போயிற்று. 

எதிர் வீட்டு வாசலில் தையல் மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி, தைப்பதை நிறுத்தாமலேயே, பழைய ரப்பர் செருப்பு ஒரு ஜோடியை எடுத்து வாசற்படியில் போட்டாள். வருகிறவர்களுக்கென்றே ஒரு ஜோடி வைத்திருப்பதாகவும், போகும்போது கழுவி வைத்துவிட்டுப் போகும்படியும் சொன்னாள். ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் அளவு நாடா. தெருவே அவளைத் தையல்காரம்மா என்றுதான் கூப்பிட்டது.

செருப்பைத் தொலைத்தவள் பல்கலைக்கழகத்தில் புவியியல் துறை ஆய்வாளர். நகரத்தில் எந்தத் தெரு தாழ்வு, எது மேடு, மழை பெய்தால் யார் வீட்டில் தண்ணீர் நிற்கும், யார் வீட்டில் நிற்காது என்று அளந்து வரைபடம் போடுவது அவள் வேலை. பேராசிரியர் அந்தத் திட்டத்துக்கு ‘இடமும் நீதியும்’ என்று பெயர் வைத்திருந்தார். முக்காலியில் மட்டக் கருவியை நிறுத்தி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நாள் முழுக்கத் தெருவை அளந்ததால், ஒரு வாரத்துக்குள் அவளுக்கும் அந்தத் தெருவில் பெயர் விழுந்துவிட்டது: அளவுக்காரி.

அளவுக்காரி குடியிருந்தது மேட்டில். பள்ளத்தெருவிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் வரிசையாகத் தெரியும் அடுக்குமாடிகளில் ஒன்று. மூன்றாம் மாடியில் அவள், தரைத்தளத்தில் அவள் அண்ணன் குடும்பம். அண்ணன் நகரத்துக் கழிவுநீர் அலுவலகத்தில் பொறியாளர். அம்மா அப்பா இல்லாமல் போன பிறகு அவளைப் படிக்கவைத்து ஆளாக்கியவன் அவன்தான். அந்தக் கட்டடத்தின் வாசலுக்கும் தையல்காரம்மா வீட்டு வாசலுக்கும் உயர வித்தியாசம் பதினேழு அடி. நடந்தால் கால் மணி நேரம்.

மட்டக் கருவி ஒரு பக்கம் இருந்தால், எதிர்ப்பக்கம் அளவுகோலை நட்டுப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். துறை அனுப்புவதாகச் சொன்ன ஆள் முதல் நாள் வந்து மூக்கைப் பிடித்தபடி நின்றான். இரண்டாம் நாள் வரவேயில்லை. தையல் குறைவாக இருந்த பகல் நேரங்களில் தையல்காரம்மா தானே வந்து கோலைப் பிடித்தாள். இழுத்துப் பிடிக்காமல், சாய்க்காமல், துணிக்கு அளவெடுக்கிறவளின் பொறுமையோடு பிடித்தாள். அப்படிப் பிடித்துக்கொண்டு நின்ற மூன்றாவது நாள், இதெல்லாம் மழைத் தண்ணீருக்காக அளக்கிறீர்களா, அந்தத் தண்ணீருக்காகவா என்று கேட்டாள்.

எந்தத் தண்ணீர் என்று அளவுக்காரிக்கு விளங்கவில்லை.

தையல்காரம்மா அவளை வீட்டுக்குள் கூட்டிப்போய் ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தாள். வாடிக்கையாளர்களின் அளவு எழுதும் நோட்டு. தோள் பதினான்கு, மார்பு முப்பத்தாறு, கை பதினெட்டு. அதற்கு அடுத்த வரியில், அதே கையெழுத்தில், தண்ணீர் எட்டு. தேதி. பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி, சில இடங்களில் நீலம், சில இடங்களில் சிவப்பு. நீலம் மழை. சிவப்பு அந்தத் தண்ணீர். மழையே இல்லாத நாளில், காலையில் ஏழு மணிக்கு மேல் வந்து, பத்து மணிக்குள் வடிந்து, தரையிலும் சுவரிலும் தன் நாற்றத்தை விட்டுவிட்டுப் போகும் தண்ணீர். நாடாவால் அளந்து அங்குலத்தில் குறித்திருந்தாள். அந்த மாதிரி நோட்டுகள் பெட்டிக்குள் இன்னும் இருபத்திரண்டு இருந்தன. பதினோரு வருடம்.

எதற்காக எழுத ஆரம்பித்தாள் என்றும் சொன்னாள். பதினோரு வருடத்துக்கு முன் ஒரு அதிகாரி வந்தாராம். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலேயே பேசினாராம். நீங்கள் குப்பையைக் கால்வாயில் கொட்டுகிறீர்கள், அதனால் அடைத்துக்கொண்டு உங்கள் பக்கமே திரும்பி வருகிறது, உங்கள் அழுக்கு உங்களுக்கு என்று சொல்லிவிட்டுப் போனாராம். “எங்க அழுக்கு எவ்வளவுன்னு எங்களுக்குத் தெரியாதா? நாலு பேர் இருக்கிற வீடு. இவ்வளவு வராது. அதான் அளக்க ஆரம்பிச்சேன்” என்றாள்.

அளவுக்காரி இருபத்து மூன்று நோட்டையும் வாங்கிக்கொண்டு போனாள். நான்கு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு தேதியாகக் கணினியில் ஏற்றினாள். பல்கலைக்கழகத்தில் பதினாறு வருடம் குப்பை கொட்டியும் இவ்வளவு சுத்தமான புள்ளிவிவரத்தை அவள் பார்த்ததில்லை. நீலப் புள்ளிகள் மழைக்காலத்தில் கொத்தாக விழுந்தன. சிவப்புப் புள்ளிகள் வருடம் முழுக்க வந்தன; ஆனால் வாரத்தில் இரண்டே நாட்களில், செவ்வாயும் வெள்ளியும். குப்பை அடைத்துக்கொள்வதற்குக் கிழமை தெரியாது. கிழமை பார்த்து வருகிறது என்றால் அதற்குப் பின்னால் ஒரு மனிதக் கை இருக்கிறது.

அடுத்த வாரம் முழுக்க அவள் கால்வாயின் சரிவை மேல்நோக்கி அளந்துகொண்டே போனாள். கழிவுநீர் அலுவலகம் கொடுத்த வரைபடத்தின்படி, அது வெறும் மழைநீர்க் கால்வாய். மேட்டிலிருந்து வரும் சாக்கடைக் குழாய்க்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மேட்டுச் சாக்கடையெல்லாம் பம்பு நிலையத்துக்குப் போய், அங்கிருந்து சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தள்ளப்படுகிறது. வரைபடத்தில் அந்த இரண்டு கோடுகளும் கண்ணியமாக ஒதுங்கிப் போயின. நேரில் போய்ப் பார்த்தால், பம்பு நிலையத்தின் பின்சுவரும் கால்வாயும் சந்திக்கும் மூலையில், ஒரு தகரத்துக்குப் பின்னால், ஆள் நுழையும் அகலத்துக்கு ஒரு குழாய் வாயைத் திறந்து வைத்திருந்தது. அதன் கீழ் உதட்டில் வருடக்கணக்கான கசடு தொங்கியது. மட்டக் கருவியை நிறுத்தக்கூட அங்கே நிற்க முடியவில்லை. துப்பட்டாவை மூக்கோடு சுற்றிக் கட்டிக்கொண்டு அளந்தாள். ஈக்கள் கண்ணில் மொய்த்தன.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னாள். அவர் நல்ல வார்த்தைகளில் வாழ்கிறவர். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக ஆகிவிடக் கூடாது என்றார். கழிவுநீர் அலுவலகம் நம் திட்டத்தின் கூட்டாளி, வரைபடத்தைக் கொடுத்ததே அவர்கள்தான் என்றார். தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதுதான் நம் கேள்வி, எங்கிருந்து வருகிறது என்பது வேறு ஆய்வு என்றார். ஒரு தையல்காரியின் நோட்டை ஆதாரமாகக் காட்டினால் சபையில் சிரிப்பார்கள் என்று கடைசியில் சேர்த்துக்கொண்டார்.

அவள் சாயத்தை எடுத்தாள். ஓடும் தண்ணீரின் பாதையைக் கண்டுபிடிப்பதற்காகத் துறை ஆய்வகத்தில் வைத்திருக்கும் பச்சைச் சாயம் அது. கேடு விளைவிக்காது, ஒரு கரண்டி போட்டால் ஒரு தெருச் சாக்கடைக்குப் போதும். செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு, தன் வீட்டுக் கழிவறையில் நான்கு கரண்டி கொட்டி, இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினாள். கையைக் கழுவிவிட்டுப் படி இறங்கி, சைக்கிளை எடுத்துக்கொண்டு பள்ளத்தெருவுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏழு ஆகவில்லை.

தையல்காரம்மா மிஷினை ஏற்கெனவே செங்கல்மேல் தூக்கி வைத்திருந்தாள். துணிகள் கொடியில் உயரத்தில் தொங்கின. செவ்வாய் என்றால் தெருவே அப்படித்தான் எழுந்திருக்கும். இருவரும் கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டார்கள். ஏழே காலுக்குப் பின்கட்டிலிருந்து கால்வாய்க்குப் போகும் தண்ணீர்த் துளையில் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது. முதலில் கறுப்பாகத்தான் வந்தது. வாசற்படியைத் தொட்டது, ஏறியது, மிஷினுக்கு அடியில் இருந்த செங்கலைச் சுற்றியது. ஏழு இருபத்தைந்துக்கு அந்தக் கறுப்புக்குள் ஒரு பச்சை நூல் ஓடியது. பிறகு பட்டையாக ஆயிற்று. பிறகு அந்த அறை முழுவதும் பச்சையாயிற்று. அந்தப் பச்சையில் மலமும் தாளும் முடியும் சுற்றிச் சுற்றி மிதந்தன.

 அந்த நாற்றத்தை இத்தனை நாள் பள்ளத்தெருவின் நாற்றம் என்றுதான் அளவுக்காரி தன் குறிப்பேட்டில் எழுதியிருந்தாள்.

தையல்காரம்மா நாடாவை இறக்கி அளந்தாள். “எங்கிருந்து ஊத்துனீங்க?” என்று கேட்டாள்.

“எங்க வீட்ல அக்கா. எங்க வீட்டுக் கழிவறையில.”

தையல்காரம்மா நோட்டில் தேதி போட்டு, தண்ணீர் எட்டு என்று எழுதி, சிவப்புப் புள்ளி வைத்தாள். “பதினோரு வருஷமா யாருதுன்னு தெரியாம திட்டிக்கிட்டிருந்தேன்” என்றாள். “இனிமே ஆளைப் பார்த்தே திட்டலாம்.” அதில் கோபம் இருந்ததா, கேலி இருந்ததா என்று அளவுக்காரிக்குப் பிடிபடவில்லை. அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. எட்டிக் கட்டிலின் ஓரத்தைப் பிடித்தபடி வாந்தி எடுத்தாள். எடுத்ததும் அதே தண்ணீரில்தான் விழுந்தது. தண்ணீர் வடிந்த பிறகு இருவருமாகத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பதினொன்றரை வரை கழுவினார்கள்.

அன்று மாலை நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி வாசலிலேயே மூக்கைச் சுளித்து, குளித்துவிட்டு வரச் சொன்னாள். அவள் குளிக்கவில்லை. அண்ணனின் முன்னால் நின்றுகொண்டு குழாயைப் பற்றிக் கேட்டாள். குழாய்க்கும் வயசாகிறது, ஊருக்கும் வயசாகிறது என்று அவன் கொஞ்ச நேரம் மழுப்பினான். பச்சைச் சாயத்தைச் சொன்னதும் மழுப்பல் நின்றது.

“எல்லாருக்கும் தெரியும்மா. மேப்புலதான் இல்ல” என்றான்.

மெல்ல மெல்ல எல்லாம் வெளியே வந்தது. பம்பு நிலையத்தில் இரண்டு பம்பு இருக்க வேண்டும். ஒன்று பதினோரு வருடத்துக்கு முன்பு எரிந்துபோயிற்று. மிச்சமிருப்பதை வாரம் முழுக்க ஓட்டினால் அதுவும் எரிந்துவிடும்; அதனால் செவ்வாயும் வெள்ளியும் காலையில் அதற்கு ஓய்வு. அந்த நேரம்தான் மேட்டில் எல்லோரும் குளிக்கிற நேரம். வருகிறது எங்காவது போகவேண்டுமே. ஒரு வால்வைத் திறந்து கால்வாய்க்குள் விட்டுவிடுவார்கள். இரண்டாவது பம்பு கேட்டு அவன் எழுதாத வருடம் இல்லை. மேட்டில் ஒரு புகார்கூடப் பதிவாகவில்லையே, பிறகு எதற்குப் பம்பு என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். பள்ளத்தெருவிலிருந்து புகார் வராதா என்றாள். வரும், ஆனால் பதிவாகாது. சாக்கடைப் புகார் எழுதும் தாளில் முதல் கட்டம் சாக்கடை இணைப்பு எண். பள்ளத்தெருவில் எந்த வீட்டுக்கும் சாக்கடை இணைப்பே கொடுக்கவில்லை. இணைப்பு இல்லாதவனுக்குச் சாக்கடைப் புகார் எப்படி இருக்க முடியும் என்பது அலுவலகத்தின் நியாயம்.

அதைச் சொல்லும்போது அவன் சிரிக்கப் பார்த்தான். தங்கை முகத்தைப் பார்த்துவிட்டு அதையும் விட்டுவிட்டான். வாயில் ஊறிய எச்சிலை எங்கே துப்புவதென்று தெரியாதவள் மாதிரி அவள் நின்றாள். கூடப் பிறந்தவனைப் பார்த்து அப்படி ஒரு குமட்டல் வரும் என்று அவள் நினைத்ததே இல்லை. தன் உடம்பும் அந்தச் சம்பளத்துச் சோற்றில் வளர்ந்ததுதான் என்பது அதைவிட மோசமாக இருந்தது.

அவள் எல்லாவற்றையும் அறிக்கையில் எழுதிக் கொடுத்தாள்: நோட்டுகள், குழாய், வால்வு, சாயம். பேராசிரியர் படித்துவிட்டு, துணிச்சலான எழுத்து என்று பாராட்டி, அந்தப் பன்னிரண்டு பக்கத்தையும் எடுத்துவிட்டார். மிச்சம் இருந்தது அவள் போட்ட உயர வரைபடம் மட்டும். அதில் பள்ளத்தெரு முழுவதையும் கருநீலத்தில் தோய்த்து, ‘தொடர் நீர்த்தேக்கப் பகுதி’ என்று எழுதினார். வெளியீட்டு விழாவில் விளிம்புநிலை மக்கள், இடஞ்சார் நீதி என்றெல்லாம் முக்கால் மணி நேரம் பேசினார். முன்வரிசையில் கழிவுநீர் அலுவலகத்தின் தலைவர் உட்கார்ந்து தலையாட்டினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததை அளவுக்காரி அன்றுதான் கண்ணால் பார்த்தாள். எழுந்து பேசியிருக்கலாம். பேசவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் கால்களைக் கட்டிப்போட்டிருந்தது. விழா முடிந்து தேநீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அதற்காகப் பிறகு தன்னை அவள் மன்னித்துக்கொண்டதே கிடையாது.

இரண்டு மாதம் கழித்துத் தையல்காரம்மா பல்கலைக்கழகத்துக்கே வந்தாள். வாசற்காவலர் உள்ளே விடவில்லை என்று மரத்தடியில் நின்றிருந்தாள். கையில் ஒரு தாள். பள்ளத்தெருவின் அத்தனை கதவிலும் ஒட்டப்பட்டிருந்த நோட்டீஸ். அந்தப் பகுதி மனிதர் வாழத் தகுதியற்றது என்று விஞ்ஞான ஆய்வு நிறுவியிருப்பதால், குடியிருப்போர் அனைவரும் நகரத்துக்கு வெளியே வேறிடத்துக்கு மாற்றப்படுவார்கள். ஆட்சேபணை இருந்தால் பதினைந்தாம் நாள் விசாரணைக்கு வரலாம். பின்பக்கத்தில் கருநீல வரைபடம். அதன் வலது மூலையில், பொடி எழுத்தில், வரைந்தவர் என்று அளவுக்காரியின் பெயர்.

“இது உங்க பேருதானே?” என்றாள் தையல்காரம்மா.

“ஆமாக்கா.”

“நான் கோலைப் பிடிச்சேன். நீங்க அளந்தீங்க. அதை வச்சு எங்களைத் தூக்குறாங்க.” குரல் உயரவில்லை. கையெழுத்தைப் பார்க்கிற மாதிரி அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நோட்டு இருபத்து மூணும் உங்ககிட்ட இருக்கு. அதையாவது திருப்பிக் குடுங்க.”

அளவுக்காரி நோட்டுகளைக் கொடுக்கவில்லை. பதினைந்தாம் நாள் தானே அவற்றைத் தூக்கிக்கொண்டு விசாரணைக்கு வருவதாகச் சொன்னாள். தையல்காரம்மா நம்பியதாகத் தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

விசாரணை நடந்த மண்டபத்தில் மின்விசிறிகள் ஓடவில்லை. பள்ளத்தெருவிலிருந்து அறுபது பேர் வந்திருந்தார்கள். அவர்கள் உள்ளே வந்து உட்கார்ந்ததும், முன்வரிசையிலிருந்த அலுவலகப் பெண் ஒருத்தி ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தாள். ஒருவரும் அதைக் கவனிக்காத மாதிரி இருந்தார்கள். விசாரணை அதிகாரி நல்லவரும் இல்லை, கெட்டவரும் இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட நினைத்த ஒரு மனிதர். பேராசிரியர் எழுந்து கருநீல வரைபடத்தை விளக்கினார். இந்த மக்களின் கண்ணியத்துக்காகத்தான் இந்த இடமாற்றம் என்றார்.

ஆட்சேபணை உண்டா என்று அதிகாரி கேட்டதும் அளவுக்காரி எழுந்தாள். பேராசிரியர் திரும்பிப் பார்த்து, உட்காரும்படி கையால் காட்டினார். அவள் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள்: இந்த வரைபடத்தை வரைந்தவள், இந்த வரைபடம் பாதிதான், மிச்சப் பாதி இதோ என்று இன்னொரு தாளை விரித்தாள். குழாயைக் காட்டினாள். சரிவைக் காட்டினாள். நோட்டுகளை மேசைமேல் அடுக்கி, செவ்வாய், வெள்ளி என்று படித்தாள். சட்டை அளவுகளுக்கு நடுவே தண்ணீர் அளவைப் பார்த்து அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது; நாலைந்து பக்கம் புரட்டியதும் வந்த சிரிப்பு அடங்கிவிட்டது.

சாயத்தை எங்கே ஊற்றினீர்கள் என்று அவர் கேட்டார். தன் வீட்டுக் கழிவறையில் என்று அவள் சொன்னாள். மண்டபம் ஒருமுறை சலசலத்து நின்றது. அவ்வளவு பேருக்கு முன்னால் அதைச் சொல்வது உடுத்தியிருந்ததைக் களைவதைப் போல இருந்தது அவளுக்கு. சொல்லி முடித்தபின் கூச்சம் போய்விட்டது.

கழிவுநீர் அலுவலகத்தின் சார்பில் யார் வந்திருக்கிறார் என்றார் அதிகாரி. அவளுடைய அண்ணன் எழுந்தான். அலுவலகத் தலைவர் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிமிராமல் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். அப்படி ஒரு வால்வு உண்டா, அல்லது இந்தப் பெண் கற்பனை செய்கிறாரா என்று அதிகாரி கேட்டார். அண்ணன் மேசைமேல் இருந்த நோட்டுகளைப் பார்த்தான். தங்கையைப் பார்க்கவில்லை. அதிகாரி இன்னொரு முறை கேட்டார்.

“இருக்கு சார்” என்றான் அவன். “அதோட சாவி என்கிட்டதான் இருக்கு.”

அதன்பிறகு சீக்கிரம் முடிந்துவிட்டது. தண்ணீர் தானாக வந்து நின்றால் அது பூமியின் குற்றம். திறந்துவிட்டு வந்தால் அது அலுவலகத்தின் குற்றம். இரண்டாவது வகையை வைத்துக்கொண்டு ஒரு தெருவைக் காலி செய்யச் சொல்ல அதிகாரிக்குச் சட்டத்தில் இடம் இல்லை. நோட்டீஸை ஒரு வருடத்துக்கு நிறுத்தினார், ரத்து செய்யவில்லை. வால்வை ஒரு வாரத்துக்குள் மூடி முத்திரை வைக்க உத்தரவிட்டார். சாப்பிடப் போனார்.

வால்வை அண்ணன்தான் மூடினான். அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு, பம்பு ஓய்வெடுத்த நேரம், மேட்டுச் சாக்கடைக்குப் போக வழி இல்லாமல் போயிற்று. குழாய்க்குள் ஏறிக்கொண்டே வந்து, மேட்டிலேயே எது தாழ்வோ அங்கே தலையைத் தூக்கியது. முதலில் அண்ணன் வீட்டுக் குளியலறை. அண்ணி பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். தரைத் துளை ஏப்பம் விட்டது; அவள் குனிந்து பார்க்கும்போதே மூன்று மாடிகளுடையதும் சேர்ந்து கறுப்பாகப் பொங்கி, கூடத்துக்கு வந்து, சோபாவின் கால்களை நனைத்தது. பக்கத்துக் கட்டடங்களின் தரைத்தளங்களிலும் அதே கதை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். மத்தியானத்துக்குள் அலுவலகத்தில் நாற்பத்தொரு புகார் பதிவாகியிருந்தது, ஒவ்வொன்றிலும் இணைப்பு எண்ணோடு.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் அவசரக் கூட்டம் போட்டார். ஓய்வுபெற்றவர், மரியாதையாகப் பேசுகிறவர். புதுப் பம்பு வரும்வரை அந்த வால்வைத் தற்காலிகமாகத் திறந்துவிட்டால் என்ன என்று கேட்டார். “அவங்களுக்குப் பழகிடுச்சு. நமக்கு எப்படி?” என்றார். பலர் தலையாட்டினார்கள். படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அளவுக்காரிக்கு, கீழே தேங்கி நின்ற சாக்கடையைவிட அந்த வாக்கியம் அதிகமாக நாறியது. அவள் அதைச் சொல்லவும் சொன்னாள். அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்தில் யாரும் அவளோடு பேசவில்லை. அண்ணி மட்டும் ஒரு முறை பேசினாள்: அண்ணன் வீட்டில் சாக்கடை விட்ட தங்கையை இந்த உலகத்தில் எங்கும் பார்த்ததில்லை என்று.

விசாரணை அதிகாரியின் உத்தரவில் வைத்த முத்திரை நீதிமன்ற முத்திரை மாதிரி. யாராலும் திறக்க முடியவில்லை. ஒன்பதாவது நாள் இரண்டாவது பம்பு வந்து இறங்கியது. பதினோரு வருடம் கடிதத்தில் மட்டுமே இருந்த பம்பு, மேட்டில் இரண்டு செவ்வாயும் ஒரு வெள்ளியும் நாறியதும், லாரியில் ஏறி வந்துவிட்டது.

அந்தச் செய்தியைச் சொல்லப் பள்ளத்தெருவுக்குப் போனபோது தையல்காரம்மா மிஷினைச் செங்கல்மேலிருந்து தரைக்கு இறக்கியிருந்தாள். எத்தனை நாளில் என்று கேட்டாள். ஒன்பது என்றதும் வாய்க்குள்ளேயே ஒரு கணக்குப் போட்டாள். பிறகு வாசலுக்குப் போய்க் காறித் துப்பிவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தைக்கத் தொடங்கினாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்து வந்தவளுக்கு உட்காரச் சொல்லி ஒரு முக்காலி கிடைத்தது. அதுவே போதும் என்றிருந்தது. அடுத்த வருடம் நோட்டீஸ் மறுபடி வருமா என்று தையல்காரம்மா கேட்டாள். வரலாம் என்றாள் அளவுக்காரி. பொய் சொல்ல அவளுக்கு இனி வாய் வராது.

பேராசிரியர் தொலைபேசியில் அழைத்து, இது ஒரு மாபெரும் கட்டுரைக்கான விஷயம் என்றார். அவர் பெயரும் அவள் பெயருமாகப் போடலாம் என்றார். முதல் பெயர் தையல்காரம்மாவுடையதாக இருந்தால் சம்மதம் என்றாள் அவள். அவர் சிரித்தார், அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் வைத்துவிட்டார். அடுத்த மாதம் திட்டத்தில் அவளுக்கு இடம் இல்லை என்று கடிதம் வந்தது. எதிர்பார்த்ததுதான். என்றாலும் அதைப் படித்த அன்று முழுக்க அவளால் சாப்பிட முடியவில்லை.

புதுப் பம்புக்குத் திறப்பு விழா நடந்தது. மேட்டில் பந்தல் போட்டார்கள். மேடையில் பேராசிரியரும் அலுவலகத் தலைவரும் சங்கச் செயலாளரும் இருந்தார்கள். ஒன்பது நாள் துன்பத்தைப் பொறுமையோடு தாங்கிய மேட்டு மக்களுக்குத் தலைவர் நன்றி சொன்னார். கைதட்டல் எழுந்தபோது அளவுக்காரி எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

வெளியே மதில் ஓரமாக அண்ணன் நின்றிருந்தான். விழாவுக்கு அவனை அழைக்கவில்லை. விசாரணைக்குப் பிறகு இருவரும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் அவளும் அவனோடு மதிலில் சாய்ந்து நின்றாள்.

தன்னை வரைபடப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள் என்றான். தண்டனைதான்; ஜன்னல் இல்லாத கீழறை, யாரும் வராத இடம், பழைய தாள்களின் புழுக்க நாற்றம். ஊர் முழுவதின் குழாய்ப் படங்களும் அங்கேதான் கிடக்கின்றன.

“எத்தனை இருக்கும்ணா?” என்றாள்.

“எண்ணூறு இருக்கும். பாதி பொய்.”

பந்தலுக்குள் மறுபடி கைதட்டினார்கள். அது ஓயும்வரை அவள் காத்திருந்தாள்.

“நான் எப்ப வரட்டும்?”

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். “நாளைக்கே வா” என்றான். “அண்ணிகிட்ட மட்டும் சொல்லிடாத.”